தராசு முள் யார் பக்கம்?

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு)



எங்கள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். இந்த வித்தியாசத்தில் இருந்துதான் நான் சொல்ல வந்த விஷயத்தைத் தொடங்க வேண்டும்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் ஜீப்பு வந்து ஹாரன் அடிக்கும். தூக்குவாளி, தலைத்துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் எடுத்துக்கொண்டு அம்மாவும் எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் ஏறுவார்கள். முந்தல் தாண்டி, வளைந்து வளைந்து மேலே ஏறி, போடிமெட்டு செக்போஸ்ட்டைக் கடந்தால் கேரளா. பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டம். (தோட்டத்தின் பெயர் வேண்டாம். அம்மா நாளைக்கும் அங்கேதான் போயாக வேண்டும்.) சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் எடுத்த காயை எடை போடுவார்கள். நாள் கூலி தனி. குறித்த கிலோவுக்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று சேர்த்துக் கிடைக்கும். ஆகையால் அந்த நாள் முழுவதிலும் எடை போடுகிற அந்த ஐந்து நிமிடம்தான் முக்கியமான ஐந்து நிமிடம்.

லீவில் இரண்டு தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். மரத்தில் தொங்குகிற வட்டத் தராசு. கங்காணி முள்ளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு "பதினொண்ணு" என்று சொல்லி நோட்டில் எழுதப் போனார். அம்மா சாக்கில் இருந்து கையை எடுக்கவில்லை. "அண்ணே, முள்ள இங்கிட்டுத் திருப்புங்க" என்றார். கங்காணி கோபித்துக்கொள்ளவில்லை. திருப்பினார். முள் பதினொன்றில்தான் நின்றது. அம்மா தலையை ஆட்டினார். நோட்டில் ஏறியது. அடுத்த ஆள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் கேட்டேன். "அவர் சரியாத்தானம்மா சொன்னாரு, அப்புறம் எதுக்குத் திருப்பச் சொன்ன?"

"சரியாச் சொல்றாருங்கிறது முள்ளப் பாத்தாத்தானடா தெரியும்!"

பள்ளிக்கூடம் பக்கமே போகாத என் அம்மா சொன்ன இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் நான் பெரிதாக எதையும் எழுதிவிடப் போவதில்லை. அதை எங்கெங்கே சொல்ல முடியவில்லை என்பதுதான் என் கவலை.

அம்மா எடுத்த அந்தப் பச்சைக் காய் ஸ்டோரில் காய்ந்து, ஐந்து கிலோ ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுருங்கி, மலையிறங்கி வந்தால் என்ன நடக்கிறது என்பது போடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். கேட்ட விலை அத்தனை பேர் கண்ணுக்கும் தெரிகிறது. எத்தனை லாட் வந்தது, எத்தனை கிலோ விற்றது, அதிகபட்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்று அன்றன்றைக்கே வெளியாகிறது. டெல்லியில் இருக்கிற வியாபாரியும் பார்க்கலாம், குமுளியில் இருக்கிற சிறு விவசாயியும் பார்க்கலாம். ஏலக்காய்க்கு இவ்வளவு மரியாதை! நம் வரிப் பணத்துக்கும், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் செலவழிக்கிற பணத்துக்கும் இந்த மரியாதை உண்டா?

நம் தொகுதி சாதாரணத் தொகுதி அல்ல. 1989ல் ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது போடிநாயக்கனூரில் இருந்துதான். எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்ததும் நம் தொகுதி உறுப்பினராகத்தான். 2011, 2016, 2021 மூன்று தேர்தலிலும் இங்கே வென்ற ஓ.பன்னீர்செல்வம் முதலமைச்சர் நாற்காலியிலும் அமர்ந்தவர். பக்கத்து ஆண்டிபட்டியில் 1984ல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஜெயித்தார். எங்கள் தெருவில் இதைப் பெருமையாகச் சொல்லாத பெரியவர் கிடையாது. பெருமை இருக்கட்டும். ஆனால் தலைவர் எவ்வளவுக்கு எவ்வளவு பெரியவரோ அவ்வளவுக்கு அவ்வளவு நம் கை, சாக்கைத் தானாகவே விட்டுவிடுகிறது. "அவரைப் போய்க் கேக்குறதா?" என்கிறோம்.

எம்.ஜி.ஆர். பெயரைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டது ஒரு கணக்குக் கேள்விதான், தெரியுமா? 1972 அக்டோபரில், தி.மு.க.வின் பொருளாளராக இருந்த அவர், கட்சிக் கணக்கைக் காட்ட வேண்டும், பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் சொத்துக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் பேசினார். சில நாட்களில் கட்சியிலிருந்து சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அந்த மாதம் 17ஆம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. (சொன்னால் எங்கள் வீட்டிலேயே சண்டை வரும். அப்பா ஒரு கட்சி, அப்பத்தா ஒரு கட்சி.) நான் கேட்பது வேறு. அந்தக் கேள்வி கேட்கப்பட்டு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டன. பொது வாழ்வில் இருப்பவர்களின் ஊழலை விசாரிக்கக் கருணாநிதி ஆட்சியில் ஒரு சட்டம் வந்து 1974ல் நடைமுறைக்கும் வந்தது. 1977ல் அந்தச் சட்டமே ரத்தானது. லோக் ஆயுக்தா சட்டம் தமிழ்நாட்டில் நிறைவேறியது 2018ல். இடையில் உள்ள வருடங்களை நீங்களே கழித்துப் பாருங்கள், நாம் கணக்கில் புலிகள்தானே!

தேசிய அளவிலும் கதை இதுவேதான். 2013 ஜூனில் மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று உத்தரவிட்டது. ஒன்றுகூட அதன்படி நடக்கவில்லை. நாடாளுமன்றத்தில் ஒன்றை ஒன்று கிழித்துக்கொள்கிற கட்சிகள் கணக்குக் காட்டாமல் இருப்பதில் மட்டும் எவ்வளவு ஒற்றுமை! யார் கொடுத்தார்கள் என்றே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று செல்லாது என்று தள்ளியது. அதுவரை பல ஆயிரம் கோடி கைமாறிவிட்டது.

இம்மாதிரிக் கட்டுரைகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் விட்டால் குற்றம். நானும் சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை முறை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தகுதி இல்லாதவர்கள் என்று கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம் ஆட்கள் எவ்வளவு கறாராக இருந்திருக்கிறார்கள் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது மார்பு விரிந்தது. பிறகுதான் மற்ற தகுதிகளைப் படித்தேன். சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூட நின்றிருக்க முடியாது. அந்தச் சுவரை வாசித்திருக்கவும் முடியாது. கணக்கு சுவரில் இருந்தது. யார் கேட்பதற்காக என்பதுதான் கேள்வி.

இதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன் போக வேண்டாம், நம்ம ஊர் ரயிலையே எடுத்துக்கொள்வோம். 2010ஆம் வருடக் கடைசியில், அகலப் பாதையாக மாற்றுவதற்காக மதுரை – போடி மீட்டர் கேஜ் பாதையை மூடினார்கள். அப்போது எனக்கு மூன்று வயது. போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூன் 15. நான் பாலிடெக்னிக்கில் சேருகிற நேரம்! தொண்ணூறு கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டரை வருடம். இடையில் சட்டமன்றத் தேர்தல் மூன்று, நாடாளுமன்றத் தேர்தல் இரண்டு வந்து போயின. "விரைவில் ரயில்" என்று எல்லாக் கட்சி நோட்டீசிலும் இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், எந்த வருடம் எந்தப் பாதைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்று ரயில்வே வருடா வருடம் அச்சடித்தே வெளியிடுகிறது. பிங்க் புத்தகம் என்று பெயர். இந்த வருடம் இவ்வளவுதான் ஒதுக்கியிருக்கிறார்கள், இந்தப் பணத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் வரும் என்று ஒரு வேட்பாளராவது மேடையில் அந்தப் பக்கத்தைப் பிரித்து வாசித்திருந்தால், மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் குலுங்கிப் போன நோயாளிகளுக்கு ஒரு பதிலாவது கிடைத்திருக்கும். ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லாம் அச்சில்தான் இருந்தது. நமக்குச் சொல்வாரில்லை, நாமும் கேட்கவில்லை.

சரி, கேட்டால் என்ன நடக்கும்? நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் போடிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி. பெயர் வேண்டாமே. 2024ல் கோடை முடிகிற சமயம் எங்கள் தெருவுக்கு ஒன்பது நாள் தண்ணீர் வரவில்லை. கேட்டால் "மோட்டார் ரிப்பேர்" என்றார்கள். அந்த அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபைக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைய கூலி போச்சு. சபை பதினொரு மணிக்கு. ஜீப்பு ஐந்தரைக்கே போய்விடும். எங்கள் தெருவில் மலைக்குப் போகிற பெண்கள் யாரும் அதற்கு முன் கிராம சபை பார்த்ததில்லை. காரணம் இவ்வளவுதான். அக்கறை இல்லாமல் இல்லை.

சமுதாயக் கூடத்தில் பெஞ்சு போட்டிருந்தது. ஊராட்சியில் 501 முதல் 3000 பேர் வரை இருந்தால் சபைக்கு 100 பேர் வர வேண்டும் என்பது விதி. நூறு நாள் வேலைக்குப் போகிற பாட்டிமார்களைச் சொல்லி அனுப்பி வரவழைத்திருந்தார்கள். பதிவேட்டில் முதலில் கைநாட்டு, பிறகுதான் கணக்கு. ஊராட்சிச் செயலர் வாசித்த வேகத்தைச் சொல்ல வேண்டுமே! நம் லேப் வைவாவில்கூட அந்த வேகத்தை நான் பார்த்ததில்லை. பொது நிதி, மின் கட்டணம், எல்.இ.டி. பல்பு, குளோரின் பவுடர், மோட்டார் பழுது நீக்கம் மூன்று முறை... "அனைவரும் ஏற்றுக்கொள்கிறீர்களா?" பாட்டிமார் டீ எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எழுந்தார். "மோட்டாரு மூணு வாட்டின்னு வாசிச்சீகளே, எந்த மோட்டாரு?"

எண் தெரியும் என்று சொன்னேன் அல்லவா! அவ்வளவு வேகத்திலும் அந்த 'மூன்று' அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

எங்கள் ஊராட்சித் தலைவர் ஓர் அக்கா. ஆனால் பதில் சொல்ல எழுந்தது அக்கா அல்ல, அவர் வீட்டுக்காரர். எந்தப் பதவியிலும் இல்லாதவர், மேசைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கிய பிறகு பல ஊரில் இதுதான் காட்சி, உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், பதில் சொல்கிறவர் இன்னொருவர். அப்படியானால் பொறுப்பு யாருக்கு? அவர் சொன்ன பதில்: "என்ன மதினி, நாங்க திருடிட்டோம்னு சொல்றீகளா? யாரு சொல்லிக் குடுத்து வந்து பேசுறீக?"

கூடம் அமைதியாகிவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. உண்மையைச் சொன்னால், அம்மாவின் சேலையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தேன். டிப்ளமோ படிக்கிறவன் நான்! அம்மா உட்காரவில்லை. "நான் எந்த மோட்டாருன்னுதேன் கேட்டேன்" என்றார், குரலை உயர்த்தாமல்.

அப்போதுதான் தலைவர் அக்கா வாயைத் திறந்தார். ஒரு நீள நோட்டைப் புரட்டி, "மேலத்தெரு போர் மோட்டார் ரெண்டு வாட்டி, பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு வாட்டி. ரெண்டாவது வாட்டி காயில் கட்டினது சரியில்ல, அதான் ஒன்பது நாள் இழுத்துருச்சு. பில்லு இருக்கு, பாக்குறியாக்கா?" என்றார். அம்மா என்னிடம் நீட்டச் சொன்னார். நான் பார்த்தேன். காயில் கட்டிய கடை, தேதி, தொகை எல்லாம் இருந்தது. எனக்குத் தெரிந்த வரையில் தொகையும் நியாயமானது. (மின்னியல் படித்ததற்கு அன்றைக்குத்தான் எங்கள் தெருவுக்கு ஒரு பிரயோஜனம்.) மொத்தம் இரண்டு நிமிடம். அம்மா தலையை ஆட்டி உட்கார்ந்தார், தோட்டத்தில் ஆட்டின அதே தலையாட்டல்.

நண்பர்களே, இதில் யாரும் திருடவில்லை என்பதைக் கவனியுங்கள். கணக்கு சரி. சொல்கிறதற்கு விஷயமும் இருந்தது. அப்படி இருந்தும் முதலில் வந்தது பதில் அல்ல, கோபம். கணக்குக் கேட்பதும் திருடன் என்பதும் நம் ஊரில் ஒன்றாகிவிட்டது. அதனால் நல்லவரிடம் கேட்கக் கூச்சம், கெட்டவரிடம் கேட்கப் பயம். பிறகு யாரிடம்தான் கேட்பது?

பயம் வீண் பயம் என்றும் சொல்ல மாட்டேன். மதுரை வில்லாபுரத்தில் 1996ல் மாநகராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லீலாவதி, தன் வார்டு மக்களின் குடிநீருக்காகப் போராடியவர், 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். குழாயில் தண்ணீர் வந்தால் யாருக்கோ நஷ்டம் என்பதுதான் காரணம். எங்கள் ஊரில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது என்பதற்காக எல்லா ஊரிலும் முடியும் என்று நினைத்துவிடக் கூடாது.

கேட்பதற்கு ஆளே இல்லாத காலமும் உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிக்கொண்டே போய், ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரிலும் போடி மாதிரி நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் நடந்தது. அதாவது ஐந்து வருடத்துக்கு மேல் போடி நகரத்தில் ஒரு கவுன்சிலர் கிடையாது. தனி அலுவலர் ஆட்சி. எங்கள் தலைவர் அக்காவின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர் வந்தார். தேர்ந்தெடுத்தவரிடமாவது "அடுத்த தடவை ஓட்டுக்கு வருவீகல்ல" என்று சொல்லலாம். அலுவலர் எதற்கு நம் தெருவுக்கு வரப் போகிறார்?

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்று ஓர் அமைப்பு. 1990ல் தொடங்கியது. பஞ்சம் நிவாரண வேலைக்குப் போன கூலிக்காரர்கள், முழுக்கூலி ஏன் வரவில்லை என்று கேட்டதில் ஆரம்பித்தது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட்கிரானா என்ற கிராமத்தில் முதல் பொது விசாரணை நடத்தினார்கள். ஒரு ஷாமியானா, ஒரு மைக், வேலைப் பதிவேட்டின் நகல். ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு தொகையாக மைக்கில் வாசித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். வாசிப்பது காதில் விழுந்ததும் படிக்கத் தெரியாத ஜனங்கள் எழுந்து எழுந்து சாட்சி சொன்னார்கள். 1996ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுக்கத் தகவல் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. (தமிழ்நாடு 1997லேயே ஒரு சட்டம் போட்டிருந்தது. அதில் விதியைவிட விதிவிலக்கு அதிகம்.) இன்று பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வெள்ளைத்தாளில் எழுதிக் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். எங்கள் தெருவில் மனு எழுதுகிற ஆள் நான்தான். முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, இப்போது தகவல் மனு. வீட்டில் முதல் படிப்பாளி என்றால் தெருவுக்கே குமாஸ்தா என்று அர்த்தம், உங்களில் பல பேருக்கு அனுபவம் இருக்கும்.

அந்த அமைப்பைச் சேர்ந்த ஒரு கிராமத்துப் பெண்ணிடம் டெல்லியில் நிருபர்கள் கேட்டார்களாம், உங்களுக்கு எதற்கு இந்தத் தகவல் எல்லாம் என்று. பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லிச் செலவழிக்கிற அரசாங்கத்திடம் கேட்கக் கூடாதா என்றாராம் அவர். இதைப் படித்தபோது எனக்கு யார் முகம் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

இவ்வளவும் எழுதுகிற எனக்கு என்ன யோக்கியதை என்று என் வகுப்புத் தோழர்கள் இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் நான் வகுப்புப் பிரதிநிதி. ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள், ஆறு ஓட்டு வித்தியாசம். 2025 பிப்ரவரியில் லோயர் கேம்ப் பெரியாறு மின் நிலையத்துக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனோம். 58 பேர், ஆளுக்கு 300 ரூபாய், மொத்தம் 17,400. வசூல் என்னுடையது, செலவும் என்னுடையது. போய் வந்து ஒரு வாரம் கழித்துப் பின் பெஞ்சில் இருந்து ஒரு நண்பன், "மாப்ள, மீதி எதுவும் இருக்காடா?" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். என் வாயில் இருந்து வந்தது என்ன தெரியுமா? "என்னையச் சந்தேகப்படுறியா? உனக்கு எவன்டா சொல்லிக் குடுத்தான்?"

சமுதாயக் கூடத்தில் கேட்ட அதே வார்த்தை! நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த மனுஷனை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருந்தேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கோபமாகச் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "சரி, எவ்வளவு மீதி?" எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். பஸ் வாடகை 11,000. டிரைவர் பேட்டா 300. சாரோடு சேர்த்து 60 பேருக்குச் சாப்பாடு 4,800. டீ, வடை 960. கூட்டினால் 17,060. மீதி 340 ரூபாய் எங்கே? சத்தியமாகத் தெரியவில்லை. நான் திருடவில்லை. என் பணத்தோடு கலந்து எதிலோ போய்விட்டது. பஸ் காசோ, ஜெராக்ஸோ, ஒருநாள் பரோட்டாவோ. 340 ரூபாயில் இது நடக்கிறது என்றால் கோடிகளில் என்ன நடக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. திருட நினைக்காதவன் கையிலும் கணக்கு எழுதாத பணம் நிற்காது.

மறுநாள் கணக்கை எழுதி வகுப்பு போர்டில் ஒட்டினேன். "340 – நினைவில்லை, என் கைப்பணத்தில் இருந்து திருப்பித் தருகிறேன்" என்றும் எழுதினேன். இரண்டு நாள் ஒட்டியிருந்தது. மூன்று பேர்தான் படித்தார்கள். ஒட்டிவிட்டோம், கடமை முடிந்தது என்று இருந்திருக்கலாம். ரயில்வேயும் அச்சடிக்கிறது, உத்திரமேரூரிலும் வெட்டி வைத்தார்கள். ஆனால் கோட்கிரானா ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள் முதல் பீரியடுக்கு முன்னால் எழுந்து நின்று வாசித்தேன். உடனே கேள்வி வந்தது. "டீ, வடை ஆளுக்கு எவ்வளவு?" பத்தும் ஆறும் பதினாறு. "டிரைவருக்குத் தனியா எதுக்கு? வாடகையில சேராதா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை, கேட்டார், கொடுத்தேன், அவ்வளவுதான். அடுத்த விசிட்டுக்கு முன்கூட்டியே பேசிக்கொள்வது என்று முடிவானது. 340 ரூபாய்க்கு நோட்டீஸ் போர்டுக்கு ஒரு பூட்டு வாங்கினோம். பத்து நிமிட வேலை. உடம்பு முழுக்க வியர்த்துவிட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நின்று கணக்குச் சொல்வது கஷ்டமான காரியம். தலைவர் அக்கா மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

கடைசியாக நம் வீட்டுக்கு வருவோம். நம் மாணவர் மன்றம் நாம் தேர்ந்தெடுத்த மன்றம். மன்றக் கட்டணம் நாம் எல்லோரும் கட்டுகிறோம். உங்கள் கையில் இருக்கிற இந்த மலருக்கு விளம்பரம் கேட்டு நாங்கள் பத்துப் பேர் போடி ஏலக்காய்க் கடைகள், பாத்திரக் கடை, மெடிக்கல் ஷாப் என்று வெயிலில் ஏறி இறங்கினோம். முழுப் பக்கத்துக்கு ஒரு தொகை, அரைப் பக்கத்துக்கு ஒரு தொகை. எவ்வளவு வந்தது, அச்சகத்துக்கு எவ்வளவு போனது என்பது எனக்கே தெரியாது. மன்றப் பொறுப்பாளர்கள் என் நண்பர்கள், கெட்டிக்காரர்கள், இரவு பகல் பாராமல் உழைத்தவர்கள். கங்காணிகூட நல்லவர்தான் என்று ஏற்கனவே எழுதிவிட்டேன். மன்ற வரவு செலவை ஆண்டு விழா அன்று, பாட்டுக்கும் நடனத்துக்கும் முன்னால், கூட்டம் கலையாத நேரத்தில், மைக்கில் நிறுத்தி வாசிக்க வேண்டும், கேள்வி கேட்கப் பத்து நிமிடம் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மலரின் கடைசிப் பக்கத்தில் இந்த மலரின் கணக்கையும் அச்சிடலாம். "எல்லாம் கலைஞ்சு போன பிறகு ஆபீஸ்ல வந்து பாத்துக்கங்க" என்பது பதினொரு மணிக் கிராம சபை மாதிரி.

இந்தக் கட்டுரையை மன்றச் செயலாளரிடம் கொடுத்தபோது நின்றபடியே படித்தார். கடைசிப் பாராவை இரண்டாவது தடவையும் படித்தார். எனக்குக் கொஞ்சம் உதறல். "போட்டுருவோம்டா. கணக்கும் ரெடிதான், ரெண்டு விளம்பரக் காசு மட்டும் இன்னும் வரல" என்றார்.

எந்த ரெண்டு என்று கேட்டிருக்கிறேன்.